மயிர்க்காலில் முளைக்கிற தோல்

ஆடி மாதக் கடைசியில் அக்கா மகன் பெங்களூரிலிருந்து வாட்ஸப்பில் ஒரு விளம்பரம் அனுப்பினான். இடப்பக்கம் கறுத்துப்போன ஒரு பாதம். வலப்பக்கம் அதே பாதம், பச்சைக் குழந்தையின் கால் மாதிரி. நடுவில் தங்க நிறத்தில் ‘ஸ்டெம் செல் சிகிச்சை: ஆறாத புண்ணும் ஆறும்’. அதற்குக் கீழே பொடி எழுத்தில், ஜெர்மனியில் ஒரு சிறுவனுக்கு உடம்பின் 80 சதவீதத் தோலை ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்து மாற்றியிருக்கிறார்கள் என்று ஒரு வரி. “சித்தி, அப்பாவுக்கு இதைப் பண்ணிடலாமா? நீங்க சரின்னா பணம் கட்டிடுறேன்” என்று கேட்டிருந்தான்.

அந்த ஜெர்மனி வரி பொய் இல்லை. அதுதான் எனக்குச் சிக்கல். எல்லாமே பொய்யாக இருந்திருந்தால் ‘வேண்டாம்ப்பா’ என்று ஒரு வார்த்தையில் முடித்திருப்பேன். உண்மையான ஒன்றைக் கொண்டுவந்து வேறொன்றின் தலையில் ஒட்டியிருந்தார்கள். அதைப் பிரித்துச் சொல்ல எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. அவனுக்கு வாய்ஸ் மெசேஜில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். இன்னும் நாலு பேர் வீட்டுக்கும் இதே விளம்பரம் போயிருக்கும்.

முதலில் அத்தானின் கால். அவருக்குச் சர்க்கரை வந்து 22 வருஷம். பாதத்தில் உணர்ச்சி போய் ஐந்தாறு வருஷமாவது ஆகியிருக்கும், ஆனால் ஒத்துக்கொள்ள மாட்டார். சித்திரை மாத உச்சி வெயிலில் ஊர்க் கோயிலில் வெறுங்காலோடு வெளிப்பிரகாரம் சுற்றியிருக்கிறார், ஒன்பது சுற்று. மற்றவர்கள் எல்லாம் தத்தித் தத்தி நிழலுக்கு ஓடியபோது இவர் மட்டும் நிதானமாக நடந்ததைப் பார்த்து, என்ன பக்தி என்று பக்கத்தில் இருந்தவர்கள் கும்பிட்டார்களாம். வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, தூங்கி எழுந்து நடமாடியபோது அக்கா தரையைப் பார்த்துவிட்டு, “ஒரு காலை மட்டும் கழுவிட்டு வந்தீயளா?” என்று கேட்டிருக்கிறாள். மொசைக் தரையில் வலது பாதத்தின் ஈரத்தடம் மட்டும் அறை அறையாகப் போயிருந்தது. அது கொப்புளம் உடைந்த நீர்.

இரண்டு வாரம் எனக்குச் சொல்லவே இல்லை. மஞ்சள், தேங்காய் எண்ணெய், ஏதோ பவுடர் எல்லாம் ஆன பிறகுதான் கூப்பிட்டார்கள். பெருவிரலுக்குக் கீழே, நடக்கும்போது முழுப் பாரமும் விழுகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசைவிடப் பெரிய குழி. சுற்றிலும் வெள்ளையாகக் காய்ப்பு.

நான் 31 வருஷம் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். அதில் பத்தொன்பது வருஷம் தீக்காய வார்டு. புண் என்றால் எனக்குப் பயம் கிடையாது, கொஞ்சம் கர்வமும் உண்டு. தினமும் காலையில் போய் நானே டிரெஸ்ஸிங் செய்தேன். மூன்று மாதம் ஆகியும் புண் அசையவில்லை. அதன் காரணம் எனக்கு எப்போது உறைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

ஸ்டெம் செல் என்றால், பிரிந்து பிரிந்து புதுச் செல்களை உண்டாக்கிக்கொண்டே இருக்கிற மூலச் செல். அந்த வார்த்தையை நான் முதலில் கேட்டது இரண்டாயிரத்துக்குப் பிறகு. ஆனால் அதன் வேலையைப் பார்த்தது 1994ல், தீக்காய வார்டுக்குப் போன இரண்டாவது மாதம். ஓர் அம்மாவுக்கு முதுகு முழுக்க இரண்டாம் நிலைக் காயம். பத்து நாள் ஆகியிருந்தது. காஸ் துணி காய்ந்து முதுகோடு ஒட்டியிருந்தது. வரிசையில் இன்னும் எட்டு டிரெஸ்ஸிங் பாக்கி. நான் அவசரத்தில் ஓரத்தைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். அந்த அம்மா கத்திய சத்தத்தில் ஹெட் சிஸ்டர் ஓடி வந்துவிட்டார்.

அவர் திட்டவில்லை. நான் இழுத்த காஸைத் திருப்பி ஜன்னல் வெளிச்சத்தில் காட்டினார். “என்ன தெரியுது?” என்றார். “ரத்தம், சிஸ்டர்.” “ரத்தத்தை விடு. வேற என்ன?” குனிந்து பார்த்தேன். துணியில் கசகசா தூவியதுபோல, சாம்பலும் வெள்ளையுமாகப் பொட்டுப் பொட்டாக ஏதோ ஒட்டியிருந்தது. “ஒவ்வொண்ணும் தோல். பத்து நாளா அந்தம்மா உடம்பு முளைக்க வெச்சதை நீ ஒரு நிமிஷத்துல பிடுங்கிட்ட” என்றார். அன்றிலிருந்து ஒரு கட்டையும் சலைன் ஊற்றி இருபது நிமிஷம் ஊறவைக்காமல் நான் எடுத்ததில்லை.

அப்புறம் அந்தப் பொட்டுகளைத் தேடிப் பார்ப்பது ஒரு பழக்கமாகிவிட்டது. மேலோட்டமான தீக்காயத்திலும் சரி, கிராஃப்ட்டுக்காக, அதாவது வேறு இடத்தில் ஒட்டவைப்பதற்காக, தோல் சீவி எடுத்த தொடையிலும் சரி, சிவப்புத் தரையில் ஏழெட்டு நாளில் அங்கங்கே வெளிறிய புள்ளிகள் தோன்றும். மறுநாள் புள்ளி கொஞ்சம் அகலும். இன்னும் இரண்டு நாளில் பக்கத்துப் புள்ளியோடு சேரும். கோலப்புள்ளிகளை யாரோ ராத்திரியில் வந்து இணைத்துவிட்டுப் போவது போல இருக்கும். இரண்டு வாரத்தில் தொடை மூடிக்கொள்ளும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு மயிர்க்கால் இருந்த இடம். மேல்தோல் முழுக்கப் போனாலும், மயிர்க்கால் ஆழத்தில் இருப்பதால் தப்பித்துக்கொள்கிறது. அதற்குள் இருக்கிற செல்கள் ஏறி வந்து தோலாகப் பரவுகின்றன.

மயிர்க்காலின் நடுவில் ஒரு சின்னப் புடைப்பு இருக்கிறது, ரொம்ப மெதுவாகப் பிரிகிற செல்கள் (ஸ்டெம் செல்லின் குணம் அது) அங்கேதான் தங்கியிருக்கின்றன என்று 1990ல் அமெரிக்காவில் ஜார்ஜ் கோட்சரெலிஸும் அவரோடு வேலை செய்தவர்களும் எலித்தோலில் காட்டினார்கள். இதைப் பல வருஷம் கழித்துப் படித்தபோது எனக்கு அந்த முதுகுதான் ஞாபகம் வந்தது.

தமிழில் ஸ்டெம் செல்லுக்குத் ‘தண்டு செல்’ என்றும் எழுதுகிறார்கள், ‘குருத்தணு’ என்றும் எழுதுகிறார்கள். எனக்குக் குருத்தணுதான் சரி. எங்கள் பக்கம் வாழையும் பனையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு விளக்கமே வேண்டாம். வாழையைக் குறுக்கே வெட்டிவிட்டு மறுநாள் போய்ப் பார்த்தால் நடுவிலிருந்து குருத்து இரண்டு விரற்கடை மேலே வந்து நிற்கும். அதே தென்னையில் வண்டு குருத்தைத் தின்றுவிட்டால், மட்டை எல்லாம் பச்சையாக இருந்தாலும் மரம் போய்விட்டது என்று அர்த்தம். மூன்றாம் நிலைத் தீக்காயம் என்பது குருத்து எரிந்த தோல். அங்கே பொட்டு முளைக்காது. ஓரத்திலிருந்து ஊர்ந்து வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு இடத்திலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டும்.

எடுத்து வைப்பதற்கு உடம்பில் தோல் மிச்சம் இருந்தால்தானே? 60, 70 சதவீதம் எரிந்து வருகிறவர்களுக்குத் தொடை, தலை என்று எங்கே மிச்சம் இருக்கிறதோ அங்கே சீவுவார்கள். சீவியதை வலை மாதிரிக் கீறி, இழுத்து, அகலமாக்கி வைப்பார்கள். பிறகு சீவிய இடம் ஆறுவதற்காகக் காத்திருந்து அங்கேயே மறுபடியும் சீவுவார்கள். அந்தக் காத்திருப்பில்தான் பச்சைச் சீழ் வரும். சூடோமோனாஸ் என்ற கிருமி. வார்டுக்குள் நுழையும்போதே, புளித்த திராட்சை போன்ற அந்த வாசத்தில் எந்தக் கட்டில் என்று தெரிந்துவிடும். “டோனர் ஏரியா இல்லை” என்று டாக்டர்கள் தங்களுக்குள் தணிந்த குரலில் பேசிக்கொண்டால், சொந்தக்காரர்களுக்கு யார் சொல்வது என்று நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்போம். எத்தனை பேர் என்று நான் எண்ணவில்லை. எண்ணக்கூடாது என்று வைத்திருந்தேன்.

இந்த ‘எடுக்கத் தோல் இல்லை’ என்கிற இடத்துக்குத்தான் உண்மையான ஸ்டெம் செல் சிகிச்சை வந்து நின்றது. அதுவும் நான் வேலைக்குச் சேர்வதற்கு முன்னாலேயே. 1975ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் கிரீன், ஜேம்ஸ் ரைன்வால்ட் என்ற இருவர் மனிதத் தோல் செல்லை உடம்புக்கு வெளியே தட்டில் தொடர்ந்து வளர்க்க ஒரு வழி கண்டுபிடித்தார்கள். அவர்கள் தேடிப் போனது தோலை இல்லை. எலியின் ஒரு வகைக் கட்டியைத் தட்டில் வளர்த்துக்கொண்டிருந்தபோது, நடுவில் தோல் செல்கள் கூட்டம் கூட்டமாக வளர்வதைப் பார்த்திருக்கிறார்கள். சூட்சுமம் என்னவென்றால், தோல் செல்லைத் தனியாக விட்டால் அது சீக்கிரம் ஓய்ந்துவிடும். 3டி3 என்ற எலிச் செல்களைக் கதிர்வீச்சு கொடுத்துப் பெருகாமல் நிறுத்தி, அடியில் மெத்தை போல விரித்தால், அதன் மேல் மனிதத் தோல் செல் தழைக்கும். குஞ்சு பொரிக்க அடைகோழி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

1983ல் வயோமிங் மாநிலத்தில் ஐந்தும் ஆறும் வயதான இரண்டு அண்ணன் தம்பிகள் விளையாட்டில் உடம்பில் பெயின்ட் பூசிக்கொண்டு, அதைப் போக்கக் கரைப்பான் போட்டுத் துடைத்தபோது தீப்பற்றியது. இரண்டு பேருக்கும் 95 சதவீதத்துக்கு மேல். பாஸ்டனில் குழந்தைகளுக்கான தீக்காய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். மிச்சமிருந்த தோலில் ஒரு சின்னத் துண்டை எடுத்து கிரீனின் ஆய்வகத்தில் வளர்த்து, உடம்பில் பாதிக்கு மேல் அந்தத் தோலாலேயே மூடினார்கள். இருவரும் பிழைத்தார்கள். 95 சதவீதம்! எங்கள் வார்டில் அந்த எண்ணைக் கேஸ் ஷீட்டில் பார்த்தால் என்ன நினைப்போம் என்று தீக்காய வார்டில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும்.

அதைப் படித்தபோது என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு. தட்டில் வளர்ந்த அந்தத் தோல் சில செல்கள் கனம் மட்டுமே உள்ள ஒரு படலம். கையால் எடுக்க முடியாது, சுருண்டுவிடும். அதனால் எதில் ஒட்டி எடுத்துக்கொண்டு வருகிறார்கள் தெரியுமா? வாஸலின் தடவிய காஸ் துணியில். நாங்கள் டின் டின்னாக வாஸலின் காஸ் மடித்து அடுக்கி, ஆவியில் கிருமி நீக்குகிற ஆட்டோகிளேவுக்கு அனுப்பிய அதே சாமான். உலகத்தின் பெரிய ஆய்வகத்திலும் கடைசி அடி அந்தத் துணிதான் என்றதும் எனக்கு ஒரு சந்தோஷம்.

இந்தத் தோல் பிற்பாடு எபிசெல் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. அமெரிக்காவில் 2007ல் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏவின் அனுமதி, 30 சதவீதமோ அதற்கு மேலோ ஆழமாக எரிந்தவர்களுக்கு. அதே வருஷம் ஜப்பானிலும் கிரீனின் முறையில் வளர்த்த ‘ஜேஸ்’ என்ற தோலுக்கு அனுமதி கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் ஃபியோனா வுட் என்ற டாக்டர், வளர்க்கிற மூன்று வாரம்கூடக் காத்திருக்க வேண்டாமென்று, செல்களைப் பிரித்துக் காயத்தின் மேல் தெளிக்கிற முறையைக் கொண்டுவந்தார். 2002 பாலி குண்டுவெடிப்பில் எரிந்த 28 பேர் அவருடைய மருத்துவமனைக்குத்தான் போனார்கள்.

இதெல்லாம் மந்திரம் என்று நினைத்துவிட வேண்டாம். வளர்த்த தோலில் மேல்தோல் மட்டும்தான் இருக்கும், அடித்தோல் கிடையாது. உரசினால் கொப்புளிக்கும். கிருமி வந்தால் முதலில் உருகுவது அதுதான். முடி முளைக்காது, வியர்வைச் சுரப்பி வராது. இந்த வியர்வை விஷயம் எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொன்னால் புரியும். சாதாரண கிராஃப்ட் போட்டவர்களுக்கே அந்த இடத்தில் வியர்க்காது. உடம்பில் பெரும்பகுதி அப்படி மூடப்பட்டு வீட்டுக்குப் போனவர்கள் கத்திரி வெயிலில் செக்கப்புக்கு வரும்போது, ஈரத்துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே வந்து நிற்பார்கள். பிழைத்த பிறகும் ஒரு வாழ்க்கை இருக்கிறதே, அதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

சரி, ஜெர்மனிச் சிறுவனுக்கு வருகிறேன். அவன் சிரியாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளை, ஏழு வயது. பிறவியிலேயே ஒரு நோய், எபிடெர்மோலிஸிஸ் புல்லோசா. மேல்தோலை அடித்தோலோடு ஒட்டவைக்கிற லாமினின் என்ற பசைப் புரதம் அவன் உடம்பில் சரியாக உருவாகவில்லை. தொட்டால் தோல் கழன்றுவிடும். 2015 ஜூனில் கிருமித் தொற்றோடு போஹும் நகரத்துத் தீக்காயப் பிரிவில் சேர்த்தபோது உடம்பில் பாதிக்கு மேல் மேல்தோல் போயிருந்தது. எடை 17 கிலோ. அப்பா தன் தோலைக் கொடுத்தார், பையனின் உடம்பு அதை ஏற்கவில்லை.

கடைசி முயற்சியாக இத்தாலியின் மொதெனாவில் இருக்கும் மிகேலே தெ லூகாவைக் கேட்டார்கள். அவர் கிரீனிடம் வேலை கற்றவர். பையனின் இடுப்புக்குக் கீழே கொப்புளம் இல்லாத இடத்திலிருந்து 4 சதுர சென்டிமீட்டர் தோல், தபால் தலை அளவு. அதிலிருந்த செல்களுக்குள் பழுதில்லாத மரபணுவை ஒரு வைரஸ் வழியாக ஏற்றி, பழைய எலிச் செல் மெத்தையிலேயே வளர்த்து, 0.85 சதுர மீட்டர் தோலாக்கினார்கள். அக்டோபரில் கைகால்கள், நவம்பரில் முதுகு, ஜனவரியில் மிச்சம். 2016 பிப்ரவரியில் வீட்டுக்குப் போனான். பிறகு பள்ளிக்கூடம் போனான், பந்து விளையாடினான்.

இதை 2017ல் நேச்சர் இதழில் எழுதியபோது அவர்கள் கூடவே ஒரு கணக்கும் காட்டினார்கள். எனக்கு அந்தக் கணக்குதான் பையன் பிழைத்ததற்கு அடுத்த பெரிய விஷயம். வைரஸ் ஒவ்வொரு செல்லிலும் மரபணுவை வேறு வேறு இடத்தில் செருகுகிறது. அதனால் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு முத்திரை விழுந்தது மாதிரி. எந்தச் செல்லின் வாரிசு எங்கே இருக்கிறது என்று பின்னால் தேடிப் பார்க்கலாம். தேடிப் பார்த்தால், ஆரம்பத்தில் வைத்த செல்களில் பெரும்பாலானவை சில மாதத்தில் உதிர்ந்துபோய்விட்டன. மாதத்துக்கு ஒரு முறை புதிதாகிற மேல்தோல் முழுவதையும் தாங்கி நிற்பது, அதில் இருந்த கொஞ்சம் குருத்தணுக்கள் மட்டும்தான். வயல் நிறைய நாற்று நட்டு, கடைசியில் நின்றது சில குத்து, அந்தச் சில குத்தே வயலை நிரப்பியது.

ஆக, அந்தச் சிறுவனுக்கு வைத்தது அவனுடைய தோலிலிருந்து எடுத்த, தோலாகவே வளர்கிற செல். விளம்பரத்தில் இருந்த நம்பருக்கு நானே போன் செய்தேன். என் மகள் வயசுப் பெண் ஒருத்தி எடுத்தாள், குரலில் நல்ல மரியாதை.

“எந்த செல்லும்மா போடுவீங்க?”

“உங்க சொந்த செல்தான் மேடம். சைடு எஃபெக்ட்டே கிடையாது.”

“எங்கேருந்து எடுப்பீங்க?”

“வயித்துக் கொழுப்புலேருந்து மேடம். அன்னைக்கே பிரிச்சு அன்னைக்கே புண்ணைச் சுத்தி ஊசி. மூணு சிட்டிங், ரெண்டே கால் லட்சம்.”

“சிடிஆர்ஐ நம்பர் இருக்கா?” என்றேன். ட்ரையலை, அதாவது ஒரு சிகிச்சையை மனிதர்களிடம் சோதித்துப் பார்ப்பதை, பதிவு செய்கிற இந்தியப் பதிவேடு அது.

“அது ட்ரையலுக்கு மேடம். இது ட்ரீட்மென்ட்.”

அந்தக் கடைசி வரியை அவள் பெருமையாகத்தான் சொன்னாள், பாவம். ஆனால் பிரச்சினை சரியாக அங்கேதான் இருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆரின் 2017 வழிகாட்டி நெறிகள் இதில் தெளிவு. ரத்த நோய்களுக்குச் செய்கிற மஜ்ஜை மாற்று போன்றவற்றை விட்டுவிட்டால், அனுமதி வாங்காத எந்த ஸ்டெம் செல்லையும் பதிவு செய்த ட்ரையலுக்குள் மட்டும்தான் கொடுக்கலாம். ட்ரையல் என்றால் நோயாளியிடம் அதற்குக் காசு வாங்கக் கூடாது. அதாவது ‘இது ட்ரையல் இல்லை, காசு கட்டுங்கள்’ என்பது சிபாரிசு இல்லை, எச்சரிக்கை.

கொழுப்பிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கிற அந்தச் செல்கள் வேறு ஜாதி. மெசன்கைமல் ஸ்டெம் செல் என்று அதற்குப் பெயரைப் பரப்பியவர் ஆர்னால்ட் கேப்லன், 1991ல். அவை புண்ணில் போய்த் தோலாக மாறுவதில்லை. சில காலம் இருந்து, வீக்கத்தைத் தணிக்கவும் ரத்தக்குழாய் முளைக்கவும் சொல்லி ரசாயனச் செய்தி அனுப்பிவிட்டுப் போய்விடுகின்றன. 2017ல் கேப்லனே, ஸ்டெம் செல் என்ற பெயர் ஜனங்களைத் தவறாக நினைக்க வைக்கிறது, பெயரை மாற்றுங்கள் என்று எழுதினார். பெயரைப் பரப்பியவரே மாற்றச் சொல்லியும் விளம்பரத்தில் பழைய பெயர்தான் ஓடுகிறது. அந்தப் பெயரில்தானே காசு.

அதற்காக அந்தச் செல்லால் பிரயோஜனமே இல்லை என்று நான் சொல்லவில்லை. சர்க்கரைப் புண்ணுக்குச் சின்னச் சின்ன ட்ரையல்களில் நல்ல அறிகுறி வந்திருக்கிறது. நம் நாட்டிலேயே பெங்களூருவின் ஸ்டெம்பியூட்டிக்ஸ் நிறுவனம், ஆரோக்கியமானவர்கள் கொடுத்த மஜ்ஜையிலிருந்து எடுத்த செல்லை முறையாக ட்ரையல் நடத்தி, 2016ல் பர்கர் நோய்க்கு மருந்தாக அனுமதி வாங்கியது. பீடி சிகரெட்டில் கால் ரத்தக்குழாய் அடைத்து விரல் கறுத்துப்போகிற நோய் அது. பீடி சுற்றுகிற ஊர்க்காரி எனக்கு அந்தக் கறுத்த விரல்களை நன்றாகத் தெரியும். கெண்டைக்கால் தசையிலும் புண்ணைச் சுற்றியும் ஊசியாகப் போடுவது. இதில் எந்தச் செல், எத்தனை செல், எந்த நோய்க்கு என்று கணக்கு இருக்கிறது. காலையில் உறிஞ்சி மாலையில் ஏற்றுகிற கொழுப்பில் என்ன கணக்கு இருக்கும்?

மொதெனாக்காரர்கள் செய்தது போன்ற சிகிச்சை இப்போது எங்கே நிற்கிறது என்றால், அதே நோயின் இன்னொரு வகைக்கு, மரபணு திருத்தி வளர்த்த தோல் தாள்களுக்கு அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் அனுமதி கிடைத்தது. ஜெவாஸ்கின் என்று பெயர். விலை 31 லட்சம் டாலர். ஆமாம், டாலர்தான். திரும்பப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

இனி என் தப்புக்கு வருகிறேன். இதையெல்லாம் அக்கா மகனுக்காக ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோதுதான் ஒரு சின்ன விஷயம் மண்டையில் அடித்தது. உள்ளங்காலில் மயிர்க்கால் கிடையாது. மூன்று மாதமாக நான் எந்தப் பொட்டுக்காக அந்தக் குழியைக் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன்? உள்ளங்கால் குழிப்புண்ணில் நடுவிலிருந்து எதுவும் முளைக்கப்போவதில்லை. ஓரத்துத் தோல் ஊர்ந்து வந்துதான் மூட வேண்டும். அந்த ஓரத்தின் மேல் அத்தான் தினமும் 78 கிலோவை வைத்து டீக்கடை வரை நடந்து போய்விட்டு வந்துகொண்டிருந்தார். நான் டிரெஸ்ஸிங் முடித்துத் தெருமுனை திரும்புவதற்குள் கிளம்பிவிடுவாராம். காஸை இழுத்துப் பிடுங்கிய 1994ஆம் வருஷத்து நானும், ஒவ்வொரு அடியிலும் அதையே செய்த அவரும் ஒன்றுதான். தீக்காய வார்டில் என் நோயாளிகள் கட்டிலில் இருப்பவர்கள். நடக்கிற புண் எனக்குப் பழக்கமில்லை.

இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. வேலூர் சிஎம்சியில் பால் பிராண்ட் என்ற டாக்டர் 1940களின் கடைசியிலிருந்து தொழுநோயாளிகளின் கால்களைப் பார்த்துப் பார்த்துச் சொன்னது இதைத்தான். சதை கெட்டதால் புண் ஆறாமல் இல்லை, வலி தெரியாததால் மிதித்துக்கொண்டே இருக்கிறார்கள், பாரத்தை எடுத்தால் ஆறும். மெத்தென்ற ரப்பர் வைத்த எம்சிஆர் செருப்பு என்று இன்றைக்கும் சர்க்கரைக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்கிறார்களே, அதற்கும் அந்தத் தொழுநோய் வேலையில்தான் வேர். நர்ஸிங் படிக்கும்போது பரீட்சையில் எழுதிப் பாஸான விஷயம். கைக்கு வர இத்தனை வருஷம்.

பாத டாக்டரிடம் கூட்டிப்போனோம். டாப்ளர் பார்த்தார், ரத்த ஓட்டம் நன்றாக இருந்தது. காய்ப்பைச் சீவி எடுத்தார், முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டுப் போட்டார்.

“எலும்பு முறியலையே, எதுக்கு மாவுக்கட்டு?” என்றார் அத்தான்.

“டீக்கடைக்குத்தான் அத்தான்” என்றேன்.

அக்கா அன்று சாயங்காலமே அவருடைய இரண்டு ஜோடிச் செருப்பையும் பரணில் ஏற்றிவிட்டாள். “ஏட்டி, இதை முதல்லயே செஞ்சிருக்கலாம்லா?” என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.

வாரத்துக்கு ஒரு முறை கட்டைப் பிரிக்கிறார்கள். நானும் கூடப் போகிறேன். சலைன் செட் வருகிற பிளாஸ்டிக் உறையைச் சுத்தம் செய்து புண்ணின் மேல் வைத்து, மார்க்கரால் ஓரத்தைச் சுற்றிக் கோடு போட்டு, தேதி எழுதிவிடுவேன். அளவுக்கு அதுதான் சௌகரியம். மூன்றாவது வாரம், ஓரத்தில் முதல் முறையாக அந்த வெளிறிய கரை தெரிந்தது, நீலம் கலந்த வெள்ளையில், நகக்கண் அகலம். அத்தான் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்துவிட்டு, “அந்த ஊசி போட்டிருந்தா இன்னும் சீக்கிரம் வந்திருக்குமோ?” என்றார். மனசு அங்கேயேதான் இருக்கிறது. மூன்று மாதம் நம்பவைத்து ஆற்றாமல் விட்டவள் நான். அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போன புதன்கிழமை ஏழாவது கோடு. எல்லாக் கோடும் ஒரே உறையில், ஒன்றுக்குள் ஒன்றாக இருக்கின்றன. வெளிக்கோட்டுக்கு நீளம் 41 மில்லிமீட்டர், உள்கோட்டுக்கு 12. போட்டோ எடுத்து அக்கா மகனுக்கு அனுப்பினேன். ஐந்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: “சித்தி, இது எந்தத் தீவோட மேப்?”